வரைகோட்டில் விழுந்த பள்ளம்

எங்கள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது. ஊசிமுனையில் ஒரு சொட்டுத் தொங்குகிறது. கேமரா அதைப் படம் எடுக்கிறது. சொட்டின் வடிவத்தைக் கணக்கிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் திரையில் எண் விழுகிறது. போன மாதம் அதைப் பார்க்க வரச்சொல்லி திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூடத்துக்குப் பொறுப்பேற்றவள் அவள். ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். அழகான கருவி. பொறாமைகூட வந்தது.

"மேடம், இது இல்லாமலே நீங்க அந்தக் கீழ்பென்னாத்தூர் விஷயத்தைக் கண்டுபிடிச்சீங்கனு சொல்றாங்க. ஆளுக்கு ஒரு விதமா சொல்றாங்க. நடந்தது என்னன்னு நீங்களே எழுதிடுங்களேன்" என்றாள்.

ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள் என்றதும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

என் அத்தாவுக்குத் திருவண்ணாமலை டவுனில் பெயின்ட் கடை. மூன்று தலைமுறையாக அதே தெரு. நான் உள்ளூர் கலைக்கல்லூரியில் வேதியியல் படித்து, வேலூரில் மேற்படிப்பு முடித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு கெமிக்கல் கம்பெனியா?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு அத்தா சொன்ன பதில் ஒன்றுதான்: "அவ படிச்சதே அதைத்தான். வேற எங்க போவா?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சேர்ந்த முதல் சில வருஷங்கள் கண்ணாடிக் குடுவை கழுவுவதிலும் எடை பார்ப்பதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நாங்கள் செய்த பொருளின் பெயர் சர்க்கரை எஸ்டர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சர்க்கரைக்குத் தண்ணீர் பிடிக்கும். எண்ணெயிலிருந்து எடுக்கிற கொழுப்பு அமிலத்துக்குத் தண்ணீர் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் கிடைக்கும் பொருளுக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை தண்ணீரை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அதனால் அது தண்ணீரின் மேற்பரப்பில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்ததும் தண்ணீரின் மேல் இருக்கும் விறைப்பு குறையும். மேற்பரப்பு இழுவிசை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதுதான்.

அது எதற்கு உதவும் என்று தெரிய வேண்டுமானால் வேர்க்கடலைச் செடியின் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். அந்த இலையின் மேல் மெழுகு இருக்கிறது. மருந்து அடித்தாலும் அதே கதிதான். தண்ணீரின் விறைப்பைக் குறைத்தால் சொட்டு இலையில் படிந்து பரவும். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் பிரியாமல் கலக்கி வைப்பதும் இதே பொருள்தான். மண்ணில் விழுந்தால் மட்கிப்போகும், செடியையும் சுடாது. எங்கள் சரக்கை ஒரு வேப்பெண்ணெய் மருந்துக் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான்.

சோதனைக்கூடத்தின் தலைவர் ஞானசேகரன் சார். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல்தான் வேலைக்கு வருவார். எங்களையும் அப்படித்தான் வரச்சொன்னார். விரல் நுனியில் இருக்கும் எண்ணெய் பட்டாலே தண்ணீரின் மேற்பரப்பு கெட்டுவிடும் என்பார். மல்லிகைப்பூ வைத்துக்கொள்ளலாம், ஆனால் பூவைத் தொட்ட கையோடு கருவிப் பக்கம் போகக் கூடாது.

அந்தக் காலத்துக் கருவி ஒரு தராசு மாதிரி. மெல்லிய பிளாட்டினக் கம்பி வளையம் ஒன்று அதில் தொங்கும். வளையத்தைத் திரவத்தில் மூழ்கவிட்டு, திருகைக் கையால் மெதுவாகத் திருப்பி மேலே இழுக்க வேண்டும். வளையத்தோடு திரவமும் ஒரு மெல்லிய ஏடாக எழும்பி வரும். அது அறுந்து விழுகிற கணத்தில் முள் காட்டும் எண்தான் கணக்கு. கை சற்று அவசரப்பட்டால் எண் தப்பு. காற்றாடி ஓடினால் தப்பு. பக்கத்தில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினாலும் தப்புதான்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை அதிகம். கண்ணாடிக் கிண்ணத்தை அமிலத்தில் ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசியதும் சார் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது ஒரு துளி முத்தாக நின்றால் கிண்ணம் அழுக்கு என்று அர்த்தம். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். வளையத்தைத் தீச்சுடரில் செக்கச் சிவக்கக் காட்ட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரை அளக்க வேண்டும். அது எழுபத்திரண்டு காட்டினால்தான் அடுத்த வேலை. காட்டவில்லையென்றால் ஆரம்பத்திலிருந்து.

"தண்ணிக்கு நம்மகிட்ட பொய் சொல்லணும்னு இல்ல நசீமா. நாமதான் அதை அழுக்குப் பண்ணிட்டு பொய் சொல்ல வைக்கிறோம்" என்பார்.

நான் அளந்த எண்ணைப் பார்த்து அவர் பாராட்டியதே கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "மறுபடியும்" என்பார். மறுபடியும் அதே எண் வந்தால் கையெழுத்துப் போடுவார். எனக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் சொல்வதற்கு முன்பே நானே இன்னொரு தடவை அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

சரக்குக்கு ஆர்டர் கூடிய வருஷம் அது. எங்கள் சர்க்கரை எஸ்டரின் எண் முப்பதைத் தாண்டக் கூடாது என்று வாங்கும் கம்பெனியோடு ஒப்பந்தம். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து அளக்க வேண்டும். எண் குறையக் குறையச் சரக்கு நல்லது என்று எல்லோரும் நம்பினோம். அந்த வருஷம் எண்கள் இருபத்தெட்டு, இருபத்தேழு என்று இறங்கின. உற்பத்தி மேலாளர் பாஸ்கர் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. கேன்டீனில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்த போண்டா செரிப்பதற்குள் புகார் வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலை போட்டிருந்தவர்கள் அடித்த மருந்து டேங்கிலேயே கட்டிபட்டு, தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டதாம். மருந்து இலையில் சேரவில்லை. சுருள்பூச்சி நிலம் நிலமாக, அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லை கொல்லையாக, பரவிக்கொண்டிருந்தது. வாங்கும் கம்பெனி எங்களுக்கு எழுதிவிட்டது: இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பழையபடி பெட்ரோலியத்திலிருந்து செய்யும் சரக்குக்கே போய்விடுவோம். அப்படிப் போனால் சர்க்கரை எஸ்டர் பிரிவையே மூட வேண்டியதுதான். அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் அடி அண்ணாமலை கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்று முதலாளி சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

"எங்க எண்ணைப் பாருங்க சார், இவ்ளோ கம்மியா எப்பவும் வந்ததில்ல. கலக்கத் தெரியாம கலக்கறாங்க" என்றார் பாஸ்கர் சார்.

ஞானசேகரன் சார் புகார்க் கடிதத்தை மடித்து வைத்தார். என்னைப் பார்த்து, "நீ போய்ப் பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

கம்பெனி வேனில் போனேன். ஏழுமலை என்பவரின் கொல்லை. நடுத்தர வயது. முதல் நாள் மருந்து அடிக்க முடியாமல் போன கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அவர் மனைவி செல்வி கிணற்று மேட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். கலக்கத் தெரியலன்னு சொன்னீங்களாமே? உங்க கண்ணு முன்னாடியே கலக்கறேன், பாருங்க."

குறிப்பிட்ட அளவு மருந்தை எடுத்து, முதலில் கொஞ்சம் தண்ணீரில் அடித்துக் கலக்கி, பிறகு டேங்கை நிரப்பினார். எங்கள் விளக்கத்தாளில் எழுதியிருந்தபடி ஒன்றுகூடத் தவறவில்லை. முதலில் பால் போல வெள்ளையாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டுத்திட்டாகத் திரண்டு, மேலே எண்ணெய் மிதந்தது.

"தோ, பாருங்க" என்றார் செல்வி. "பால் திரிஞ்சிக்கினு போவுதில்ல, அப்டியே கீது. இதைப் போய் எப்டிங்க அடிக்கறது?"

ஏழுமலை கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். இலைகள் சுருண்டு உள்ளே புழு இருந்தது. "இன்னும் பத்து நாள் வுட்டா கொல்லியே கருகிடும் மேடம். எங்க போர் தண்ணி உப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க ஊர்ல இருக்கறது இந்தத் தண்ணிதானே? வானத்துலேர்ந்தா கொண்டாந்து கலக்க முடியும்?"

அவருடைய போர்த் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சோதனைக்கூடத்தில் கலந்து பார்த்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் எங்கள் சரக்கு கண்ணாடி போலக் கரைந்தது. போர்த் தண்ணீரில் வெண்கட்டி. பாஸ்கர் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லல? தண்ணிதான் தப்பு. நம்ம சரக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. முதலாளியும் அதையே எழுதி அனுப்பிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. உப்புத் தண்ணீரில் திரிவது சோப்பின் குணம். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து கட்டியாகிவிடும். குளிக்கும்போது வாளியில் படியும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். சர்க்கரை எஸ்டருக்கு அந்தக் குணமே கிடையாது. அதற்கு மின்னூட்டம் இல்லை. சுண்ணாம்பு அதைச் சீண்டாது. நாங்கள் அதை விற்றதே அந்தப் பெருமையைச் சொல்லித்தான். அப்படியானால் திரிந்தது எது?

ஒப்பந்தப்படி நாங்கள் ஒரே ஒரு அளவில் கரைத்து ஒரே ஒரு எண்ணைத்தான் எடுப்போம். இந்தத் தடவை நான் துளியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கின் அளவைக் கூட்டி, ஒவ்வொரு கரைசலையும் அளந்தேன். வளையத்தைச் சுட்டேன், அளந்தேன், மறுபடியும் சுட்டேன். எஸ்டர் மேற்பரப்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும், அவசரப்படாமல் காத்திருந்தேன். இரண்டு நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. பிறகு வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்தேன்.

சுத்தமான பொருளாக இருந்தால் கோடு சரிந்து இறங்கி, ஒரு கட்டத்தில் தட்டையாக நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மாறாது. எனக்கு வந்த கோடு இறங்கியது, இன்னும் கீழே ஒரு பள்ளத்தில் விழுந்தது, பிறகு மேலே ஏறி அப்புறம்தான் தட்டையானது.

பாஸ்கர் சார் பார்த்தார். "ரெண்டு புள்ளி தப்பா வந்திருக்கும் மேடம். அதை விட்டுட்டு கோட்டை நேரா இழுத்துடுங்க."

ஞானசேகரன் சார் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொல்லப்போவது தெரிந்து, அதற்கு முன்பே இரண்டாம் தாளை எடுத்து நீட்டினேன். புதிதாகக் கரைத்து, முதலிலிருந்து அளந்தது. அதே இடத்தில் அதே பள்ளம்.

அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "உள்ள இன்னொரு ஆள் இருக்கான்" என்றார்.

அந்தப் பள்ளத்துக்கு அதுதான் அர்த்தம். எஸ்டரைவிட வேகமாக மேற்பரப்புக்கு ஓடிவரும் வேறு ஏதோ ஒன்று சரக்கில் கலந்திருக்கிறது. எங்கள் ஒற்றை அளவு சரியாக அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நல்ல எண் வாங்கிக் கொடுத்தது எஸ்டர் இல்லை, அழுக்கு!

அது சோப்புதான் என்பதை உறுதிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. அசிட்டோனில் கொஞ்சம் நிறங்காட்டி சேர்த்துச் சரக்கைப் போட்டேன். சோப்பு இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். நீலம் பொங்கி வந்தது. சர்க்கரையும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதற்காக உலையில் நாங்களே சோப்பு சேர்ப்போம். வேலை முடிந்ததும் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். ஆர்டர் கூடிய வேகத்தில் கழுவும் நேரம் குறைந்திருந்தது. கழுவும்போது நுரைத்துக்கொண்டு, தண்ணீர் பிரிந்து இறங்கவே நாளாகும் என்பதால்.

பாஸ்கர் சாரை நான் குறை சொல்ல மாட்டேன். நிலைமை தெரிந்ததும் அவர் ஒளியவில்லை. "சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா பழைய மாதிரி கழுவினா பாதி சரக்குகூட இந்த மாசம் வெளிய போகாது. என்ன செய்யலாம்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றார்.

அங்கேதான் எனக்கு செல்வி சொன்னது ஞாபகம் வந்தது. பால் திரிந்துபோகிறது என்றாரே. கடையில் பன்னீர் செய்கிறவன் பாலைத் திரியவைத்துத்தானே வடிகட்டுகிறான்?

"சார், கொல்லையில திரியறதை நாம இங்கயே திரிய வச்சிட்டா?" என்றேன். "சுண்ணாம்பு உப்பை நாமளே போட்டுடலாம். சோப்பு எல்லாம் கட்டி ஆயிடும். எஸ்டரை அது தொடாது. வடிகட்டினா முடிஞ்சுது. நுரைக்க அங்க சோப்பே இருக்காதே!"

பாஸ்கர் சார் எழுந்தார். நேராக உலைக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முதலில் குடுவையில் செய்தோம். எஸ்டரைக் கரைப்பானில் கரைத்து, கால்சியம் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளைத் திட்டுகள் பூப்பூவாகத் திரண்டன. வடிகட்டியில் அத்தனையும் நின்றுவிட்டது. கீழே இறங்கிய திரவம் தேன் போலத் தெளிவாக இருந்தது. அசிட்டோனில் போட்டோம், மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. கோடு வரைந்தேன். இறங்கியது, தட்டையானது, பள்ளமே இல்லை. அந்த வாரமே பெரிய உலையிலும் செய்தோம். பிரிவின் பெண்கள் சாப்பாட்டு நேரத்தைக்கூட மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஓடாது என்று தெரிந்து, அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்துவிட்டார்கள்.

ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. சுத்தமான சரக்கின் எண் முப்பத்து மூன்று. நன்றாகக் கழுவிய காலத்திலும் கொஞ்சம் சோப்பு தங்கியிருந்ததால்தான் எண் முப்பதுக்குள் நின்றிருக்கிறது. ஒப்பந்தப்படி அது தோல்வி!

வாங்கும் கம்பெனியின் தொழில்நுட்ப அதிகாரி ராகவன் நேரில் வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "கெட்டுப்போன சரக்கு இருபத்தேழு காட்டுது, நல்ல சரக்கு முப்பத்து மூணு காட்டுதுன்னா, நான் எங்க ஆபீஸ்ல எப்படி சார் சொல்றது?"

ஞானசேகரன் சார் என் பக்கம் கை காட்டினார். "அளந்தது அவங்க. அவங்களே சொல்லட்டும்."

இரண்டு கிண்ணங்களை எடுத்தேன். கேனில் இருந்த போர்த் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் பழைய சரக்கு, மற்றொன்றில் புதுச் சரக்கு. பழையதன் மேல் ஏடு படிந்தது. வளையம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டியது. புதியதில் முள் முப்பத்து மூன்றில் நின்றது. அவரையே திருகைத் திருப்பச் சொன்னேன். அவர் திருப்பினார். முப்பத்து மூன்று. காய்ச்சி வடித்த தண்ணீரிலும் அதே, போர்த் தண்ணீரிலும் அதே.

"செடியில பாக்கணும்" என்றார்.

"வண்டி ரெடியா இருக்கு" என்றேன்.

ஏழுமலையின் கொல்லையில் அன்று பக்கத்து நிலத்துக்காரர்களும் கூடியிருந்தார்கள். செல்விதான் டேங்கைக் கழற்றி வைத்துக் கலக்கினார். வெள்ளையாகக் கலந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வெள்ளையாகவே இருந்தது. இன்னும் காத்திருந்தோம். செல்வி குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்து, "திரியலம்மா!" என்று கத்தினார்.

ஏழுமலை டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கடலைச் செடி வரிசைகளுக்கு நடுவே சாலுக்குள் இறங்கினார். நாசிலிலிருந்து புகை போலச் சீராக வந்தது. ராகவன் பேன்ட்டோடு மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஓர் இலையைப் பிடித்தார். நானும் குனிந்தேன். விழுந்த துளி உருளவில்லை. இலையோடு ஒட்டி, விரிந்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, இலை முழுவதும் ஒரே ஈரமாகப் பரவியது. வெயில் பட்டு அந்த இலை பளபளத்ததை நான் இப்போதும் பார்க்கிறேன். என் தொழிலில் நான் பார்த்த மிக அழகான மேற்பரப்பு அதுதான்.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை போன் செய்தார். சுருள்பூச்சி நின்றுவிட்டது, புதுக் கொழுந்து வருகிறது என்றார். சொன்னதையே மூன்று தடவை சொன்னார். எங்கள் பிரிவு மூடவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு உலை வந்தது. ஞானசேகரன் சார் ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் கூடத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாங்கள் ஜெயித்தோம். நான் ஜெயித்தேன்.

ஆனால் அந்த வெற்றி எப்போது உறுதியானது என்று கேட்டால், அந்தக் கொல்லையிலேயே என்பேன். ராகவன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வேனில் கிடந்த காலி டிரம்களைக் காட்டி ஏழுமலையிடம் கேட்டார்:

"அண்ணா, உங்க போர் தண்ணி ரெண்டு டிரம் பிடிச்சுக்கலாமா? இனிமே எங்க லேப்ல எந்தச் சரக்கு வந்தாலும் இந்தத் தண்ணியில பாத்துட்டுதான் வாங்கப் போறோம்."

ஏழுமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மோட்டாரைப் போட ஓடினார். குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு டிரம்மில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை பிடித்து டிரம்களை வேனில் ஏற்றினார்கள்.

செல்வி வாய்விட்டுச் சிரித்தார். "இந்தத் தண்ணில பருப்பு வேவாதுனு எங்க நாத்தனாரு ஒரு நாளுகூட தங்க மாட்டா மேடம். இப்ப பாருங்க, வண்டி வச்சி கூட்டிக்கினு போறாங்கோ!"